காப்பும் கடைசிச் சுற்றும்

காஞ்சிபுரம்,
கந்த சஷ்டி இரண்டாம் நாள்.

அண்ணன் தினகரன் அவர்களுக்கு,

தம்பி வேலாயுதம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் தனுஷும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொடக்கத்தில் 'அன்புள்ள' என்ற சொல் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். எழுதிவிட்டு அடிப்பதைவிட எழுதாமல் விடுவது நாகரிகம் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், ஒரு போன் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். அம்மாவின் காரியத்தன்று நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. போனில் பேசினால் அங்கிருந்துதான் மறுபடி தொடங்குவோம். காகிதத்தில் ஒரு வசதி, நீங்கள் குறுக்கே பேச முடியாது. சேலை மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூர்ச் சிக்பேட்டைக்குப் புறப்படும் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இன்றே உங்கள் கடைக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். தினேஷ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறான். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நம் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட பெங்களூருக்குப் போய்ச் சேருகிறது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் மாநிலப் போட்டியில் அவர்கள் அணி கடைசி எட்டு அணிகளுக்குள் வந்துவிட்டது. அந்தக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இது நடந்ததில்லை. இனி மூன்று ஆட்டங்கள்தான்: காலிறுதி, அரையிறுதி, இறுதி. மூன்றும் கோயம்புத்தூரில். அணி நாளை மாலை புறப்படுகிறது. தினேஷ் போக முடியாது. அவன் கையில் காப்பு கட்டியிருக்கிறது.

நீங்கள் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் ஒருவேளை மறந்திருக்கலாம். சூரசம்ஹாரத்துக்கு நவவீரர் வேஷம் கட்டும் ஒன்பது பேரும் முதல் நாள் காப்பு கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகு சம்ஹாரம் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஒன்பதில் முதலாவதான வீரவாகு வேஷம் நம் தெருக் கோயிலில் நம் வீட்டுக்கு உரியது. முன்பு நாம் இருவரும் மாறி மாறிக் கட்ட வேண்டியது, இப்போது ஒரு வருஷம் உங்கள் பிள்ளை, ஒரு வருஷம் என் பிள்ளை. கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும். நீங்கள் பெங்களூரில் கடை வைத்த பிறகு கேட்பாரில்லாமல் போய், எதிர்வரிசை வீட்டார் அதை எடுத்துக்கொண்டார்கள். கோயில் சபையில் வருஷக்கணக்காக மல்லுக்கு நின்று இந்த வருஷம்தான் திரும்ப வாங்கினேன். நம் வீட்டுப் பிள்ளை யாரும் கட்டாமல் போனால் வேஷம் இனி நிரந்தரமாக அவர்களுக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

எதற்காக இவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். அன்று சபையில் இருந்த தெருக்காரர்களும் கேட்கமாட்டார்கள், அவர்களுக்கும் பதில் தெரியும். அப்பா உயிரோடு இருந்த கடைசி வருஷம் என்னுடைய முறை. சபை கூடியிருந்தபோது நீங்கள் எழுந்து நின்று, "இவன் வீரவாகுவா? பேனாவத் தூக்கினாலே மூச்சு வாங்குது. இவனுக்கு எதுக்குப்பா கத்தி, கையில ஒரு சாக்பீஸக் குடுங்க, சூரன்கிட்ட கணக்குப் போட்டு ஜெயிக்கட்டும்" என்றீர்கள். சபையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்த வருஷமும் நீங்களே கட்டினீர்கள். அடுத்த முறை வருவதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எம்.ஏ. வரலாறு படித்து, மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராகி, எனக்குப் பின்னால் சேர்ந்தவன் எனக்குத் தலைமையாசிரியராக வந்ததையும் பார்த்துவிட்டேன். தெருவில் என் பெயர் இன்னும் சாக்பீஸ்தான். அப்பா நெய்த அரக்குக் கச்சையை, நம் வீட்டு வீரவாகு இடுப்பில் கட்டவென்றே நெய்ததை, நீங்கள் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போனது பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

என் பிள்ளை உங்களைவிட ஒரு சாண் உயரம். தோளைப் பார்த்தால் வீரவாகு என்று எவனும் சொல்வான். அவன் வேஷத்தில் தெருமுனையில் வந்து நிற்பதை நான் எத்தனையோ முறை மனத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லாவிட்டாலும் யாராவது உங்களுக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள் என்பதுவரை யோசித்திருக்கிறேன்.

இப்போது பிசகு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். முதல் சுற்று ஆட்டங்கள் ஏனாத்தூர்ப் பக்கத்தில்தான் நடந்தன. கடைசி ஆட்டம் தீபாவளிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது, மழையில் மைதானம் குளமாகி, தள்ளித் தள்ளி நேற்றைக்கு வந்தது. காலையில் காப்பு, மதியம் ஆட்டம். எதிரணி சென்னைக் கல்லூரி. போன வருஷக் கோப்பை அவர்களிடம் இருக்கிறது. காப்பு கட்டலாமா என்று தினேஷ் தயங்கினான். "சென்னைக்காரன்கிட்ட மதியம் அடி வாங்கினு சாயங்காலம் கோயிலுக்கு வந்துடு, அதுக்குமேல உங்களுக்கு எங்கடா ஆட்டம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். குருக்கள் கட்டினார்.

ஏனாத்தூர் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு வழக்கு வந்தது. குருக்கள் கொஞ்சம் யோசித்து, "டவுன் பஸ் போற வரைக்கும் நம்ம ஊருதான், போயிட்டு வாடா" என்று தீர்ப்புச் சொன்னார். அங்கே போனால் நடுவர், கையில் கயிறு இருக்கக்கூடாது என்கிறார். பயிற்சியாளர் ஜெயக்குமார் அதன்மேல் பிளாஸ்திரி சுற்றி ஆடவிட்டார். நானும் போயிருந்தேன். தோற்பதைப் பார்த்து, ஆறுதல் சொல்லி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று போனேன். அண்ணா, அவன் ஆடி நான் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. வீட்டில் குனிந்து குனிந்து நடக்கிற பிள்ளை. அங்கே கூடைக்கு அடியில் கையை உயர்த்திக்கொண்டு நின்றால் சென்னைப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஜெயித்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்துகிறார்கள். யாரோ ஒருவன் "கோயமுத்தூர்டா!" என்றான். தினேஷும் கத்தினான். கத்திக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வலது கை போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

ஜெயக்குமார் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "சார், இவன் இல்லாம போனா நாங்க கோயமுத்தூருக்கு டூர் போற மாதிரி. ஊட்டி சுத்திப் பாத்துட்டு வரவேண்டியதுதான்" என்றார். குருக்களிடம் கூட்டிக்கொண்டு போனேன். "டவுன் பஸ்ஸு போறதேன்னு ஏனாத்தூரை விட்டேன். கோயமுத்தூர் நம்ம ஊரா?" என்றார். புவனேஸ்வரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்துவதற்கு முன் ஒன்று சொன்னாள்: "உங்க அண்ணன் மேல இருக்கிற கோவத்துக்கு எம்புள்ள கையில கயிறு கட்டினீங்களா?"

வரலாறு படித்தவன் நான். எந்த வழக்கம் எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன். கயிற்றை அறுத்துவிட்டுப் போடா என்று சொல்ல எனக்கு வாய் வரும். அவன்தான் மாட்டேன் என்கிறான். மற்ற எட்டுப் பேரும் விரதத்தில் இருக்கும்போது நான் மட்டும் அறுத்துக்கொண்டு ஓடுவதா என்கிறான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனோ மரக்கத்தியை எடுத்துத் துடைத்து வைக்கிறான். தன் ஆட்டத்துக்கான ஷூவை, மாற்று ஆட்டக்காரனுக்குச் சரியாக இருக்குமா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டான். என்னைப் பார்த்து, "பரவால்லப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அவனுக்குக் கல்லூரியில் அடுத்த வருஷம் கிடையாது. இது கடைசி வருஷம். அது எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இன்று காலை மறுபடி குருக்களிடம் போனேன். ஒரே ஒரு வழி சொன்னார். கட்டிய காப்பைச் சும்மா அவிழ்க்க முடியாது. ஆனால் அதே வீட்டுப் பிள்ளை இன்னொருவன் வந்து சன்னிதியில் கையை நீட்டினால் மாற்றிக் கட்டலாம். அதுவும் நாளை சாயரட்சை பூஜைக்குள். நம் வீட்டில் கல்யாணமாகாத பிள்ளை இன்னொருவன் இருக்கிறான். அவன் உங்கள் பிள்ளை.

தனுஷ் வேலைக்குப் போகிறான், லீவு கிடைக்குமோ என்னவோ. என் மேல் உங்களுக்கும் குறைகள் இருக்கும், இருக்கட்டும். இதைக் கேட்பதால் நான் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வேஷம் உங்கள் வீட்டுக்குப் போகிறது, கூட்டத்தில் எல்லோரும் தினகரன் மகன் என்றுதான் சொல்வார்கள். அதுவும் எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். நாளை சாயங்காலத்துக்குள் அவனை அனுப்பிவையுங்கள். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலாயுதம்.

---

காஞ்சிபுரம்,
சம்ஹாரம் முடிந்த மறுநாள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் என் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை, போனும் செய்யவில்லை. பிள்ளையை அனுப்பினீர்கள். "அப்பா ஒண்ணுமே சொல்லல சித்தப்பா. லெட்டரப் படிச்சாரு, மடிச்சாரு, எனக்கு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாரு" என்றான் தனுஷ். விரதமெல்லாம் எப்படி, திடீரென்று வந்திருக்கிறாயே என்று குருக்கள் கேட்டதற்கு, "வருஷா வருஷம் சஷ்டி ஆறு நாளும் எங்க வீட்ல அப்பா விரதம்தான் சாமி, நாங்க எல்லாருமே கவிச்சி தொடமாட்டோம்" என்றான். இது எனக்குத் தெரியாது. இந்தத் தெருச் சங்கதி எல்லாம் உங்களுக்கு வருகிறது. உங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றுகூட இங்கே வருவதில்லை.

காப்பு மாற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். சன்னிதியில் இரண்டு பேரும் கையைச் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றார்கள். இவன் கையிலிருந்து அவிழ்த்த உடனே அவன் கையில் கட்ட வேண்டும், இடையில் காப்பு தரையில் படக்கூடாது. எதிர்வரிசை வீட்டார் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கலாமே என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குருக்கள் முடிச்சைப் போட்டு நிமிர்வதற்குள் தினேஷ் சன்னிதியில் இல்லை. அவன் அம்மா, நான் உங்களுக்குக் கடிதம் எழுதிய அன்றே அவன் பையைக் கட்டி வைத்துவிட்டாளாம். நீங்கள் அனுப்புவீர்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்" என்றாள். அத்தோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

காலிறுதியில் ஜெயித்தார்கள். அரையிறுதியிலும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் சம்ஹாரத்தன்று சாயங்காலம் வந்தது. இங்கே சூரன் புறப்பட வேண்டிய நேரமும் அங்கே பந்து எறிய வேண்டிய நேரமும் ஒன்றாக ஆகிவிட்டன.

அதற்கு முன் ஒன்று. வேஷம் கட்டுகிறவனுக்கு வீட்டுப் பெரியவர்தான் மீசை வரைய வேண்டும். நீங்கள் வரவில்லை. வருவீர்கள் என்று கடைசிவரை நானும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மைக்கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். தெருவிளக்கடியில் முக்காலி போட்டு அவனை உட்காரவைத்து வரைந்தேன். கூட்டத்தில் எவனோ, "சாக்பீஸு மீசை வரையுது பாருடா, கோடு நேரா வரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தனுஷ் முகத்தை ஆட்டாமல், "ஏன் சித்தப்பா உங்கள சாக்பீஸ்ங்கறாங்க?" என்று கேட்டான். பள்ளிக்கூட வாத்தியார் இல்லையா, அதனால் என்றேன். அவன் அதை நம்பிவிட்டான். மீசையை முடித்து எழுந்து நின்று பார்த்தேன். அந்த முகத்தை நான் இந்த இடத்தில் முன்பே பார்த்திருக்கிறேன்.

கிரீடம் வைத்து, மார்பில் கவசம் கட்டி, வீரவாகு தயார். தயாராகி என்ன செய்கிறான்? போனை வைத்துக்கொண்டு கோயில் மதிலோரம் நிற்கிறான். கல்லூரிப் பிள்ளைகள் யாரோ அங்கிருந்து ஆட்டத்தை நேரடியாக அனுப்புகிறார்கள். அவனைச் சுற்றி மற்ற எட்டு வீரர்கள், மரக்கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிரீடத்தோடு கிரீடம் இடித்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் தெருவே நிற்கிறது. குருக்கள் மணியை அடித்து, "நாழியாறது, நாழியாறது" என்று கத்துகிறார். தனுஷ் திரும்பாமலேயே, "சாமி, இன்னும் ஒரே ஒரு குவார்ட்டர் சாமி" என்றான். குருக்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னதும் அவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

நான் தள்ளியே நின்றேன். பார்க்கத் தைரியமில்லை. சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். கடைசியில் ஒரு கூடைதான் வித்தியாசம், பந்து தினேஷ் கையில் என்றார்கள். அவன் எறிந்த பந்து வளையத்தின் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்துவிட்டதாம். தனுஷ் போனைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து நின்றான். அப்போது, சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெகுநேரமாக நின்றவர்களில் ஒருவன், "இன்னாபா, நாங்க வந்து சாவட்டுமா, வூட்டுக்குப் போவட்டுமா?" என்றான். தெரு முழுக்கச் சிரித்தது. தனுஷும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நான் வரைந்த மீசை ஒரு பக்கம் கலைந்துவிட்டது. அப்படியே போய்ப் போர் செய்தான். கோயம்புத்தூரில் வாங்கிய அடியையெல்லாம் சேர்த்து அன்று சூரன் இங்கே வாங்கிக்கொண்டான். இதுபோல ஒரு சம்ஹாரம் பார்த்து நாளாயிற்று என்று எதிர்வரிசை வீட்டாரே சொன்னார்கள். தினகரன் மகன் என்றுதான் சொன்னார்கள். நான் எதிர்பார்த்த அளவுக்கு அது என்னைக் குத்தவில்லை. இதை உங்களைச் சந்தோஷப்படுத்த எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

தினேஷ் இன்று காலை வந்தான். இரண்டாம் இடத்துக்கான பதக்கம் கழுத்தில் கிடந்தது. வீட்டுக்கு வராமல் நேரே கோயிலுக்குப் போய், தனுஷின் காப்பை அவிழ்க்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பந்து ஏன் உள்ளே விழவில்லை என்று தினேஷ் சாம்பார்ச் சோற்றில் வளையம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். வருத்தமா என்று கேட்டேன். "போகாம இருந்திருந்தாதான்பா வருத்தம்" என்றான். ஆடி முடித்துத் தோற்றவனுடைய முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அருகில் பார்த்தேன். அது எனக்கு வாய்த்ததில்லை. அவனுக்கு வாய்த்தது. அதற்கு நீங்கள் காரணம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இதனால் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். என் மனத்தில் உள்ள குறைகள் வரிசை குலையாமல் அப்படியே இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. தனுஷ் பையைத் திறந்ததும் முதலில் எடுத்துக் கொடுத்தது அப்பா நெய்த அரக்குக் கச்சை. வேறு எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்றான். அவன் இடுப்பில் கட்டுமுன் விரித்துப் பார்த்தேன். பட்டுத்துணியை ஒரே மடிப்பில் போட்டு வைத்தால் மடிப்பிலேயே வெட்டிக்கொள்ளும் என்பது நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இத்தனை காலத்தில் அதில் ஒரு இழை வெட்டவில்லை. வருஷந்தோறும் எடுத்து, வெயில் காட்டி, மடிப்பை மாற்றி வைத்திருக்கிறீர்கள். பழைய மடிப்புகளின் தடங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன.

தனுஷ் இன்று மாலைப் பேருந்தில் புறப்படுகிறான். நல்ல பிள்ளை. அவனுக்கு என் ஆசிகள் எப்போதும் உண்டு. அண்ணிக்குப் புவனேஸ்வரி பலகாரம் கொடுத்தனுப்புகிறாள். இந்தக் கடிதத்தையும் அவனிடமே தருகிறேன்.

கச்சையை மட்டும் அவனிடம் தரவில்லை. அடுத்த வருஷம் இந்த வேஷத்துக்கு முறை யாருடையது என்று சபை கேட்டது. உங்கள் வீட்டுடையது என்று சொல்லிவிட்டேன். எனவே கச்சை உங்களுக்கு வேண்டியிருக்கும். பேருந்திலோ சேலை வண்டியிலோ யார் கையிலும் அதைக் கொடுத்தனுப்ப மாட்டேன். வெயில் காட்டி, மடிப்பு மாற்றி, இங்கே பத்திரமாக வைத்திருப்பேன். நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மீசையும் நீங்களே வந்து வரைய வேண்டும். என் கோடு அவ்வளவு நேராக வரவில்லை.

உங்கள் தம்பி,
வேலாயுதம்.